வாசல் மணியும் கடவுச்சொல்லும்

கிருஷ்ணன்கோவில் வீட்டு வாசலில் மணியை அழுத்தினால், சென்னையிலிருக்கும் அண்ணனின் கைப்பேசியை ஒலிக்கச் செய்யலாம். அழைப்பை இணைப்பது 1999-இல் வகுக்கப்பட்ட 'சிப்' என்னும் நெறிமுறை. வாசற்கருவி குரலை வினாடிக்கு 8,000 முறை அளந்து, எண்களாக்கி, பொட்டலம் பொட்டலமாக இணையத்தில் அனுப்புகிறது. அண்ணன் ஓர் எண்ணை அழுத்தினால் கதவும் திறக்கும்!

வசதிதான். ஆனால் கருவியின் கடவுச்சொல்லை அறிந்தவர், எந்த எண்ணுக்குக் கதவு திறக்க வேண்டும் என்பதையே மாற்றிவிடலாம். தொழிற்சாலை இட்ட சொல்லோ பல கருவிகளின் கையேட்டிலேயே அச்சாகியிருக்கிறது. அதை மாற்றாமல் விடுவது, பூட்டிய வீட்டின் சாவியைத் திண்ணையில் வைப்பதுதான். எல்லாக் கருவிக்கும் ஒரே கடவுச்சொல் இடுவதைப் பிரிட்டன் 2024 ஏப்ரல் 29 முதல் சட்டத்தால் தடுத்துவிட்டது. நம் வீட்டுக்குச் சட்டம் எதற்கு? பொருத்த வந்தவர் கிளம்புமுன் புதிய கடவுச்சொல்லை நீங்களே இடுங்கள். அவரிடமும் சொல்ல வேண்டாம்.