இன்சுலின் மட்டும் போதுமா?

நவம்பர் 14 நம் நாட்டில் குழந்தைகள் நாள். உலக நீரிழிவு நாளும் அதுவே. இன்சுலினைக் கண்டறிந்தவர்களுள் ஒருவரான பிரடெரிக் பான்டிங் பிறந்த நாள் அது. அவரும் உடன் உழைத்தவர்களும் 1923இல் அதன் காப்புரிமையைத் தலா ஒரு டாலருக்கு டொராண்டோ பல்கலைக்கழகத்திடம் அளித்துவிட்டனர். உயிர்காக்கும் மருந்து எவருடைய தனியுடைமையாகவும் ஆகிவிடலாகாது என்பதே அவர்கள் எண்ணம்.

முதல் வகை நீரிழிவு உள்ள குழந்தையின் உடலில் இன்சுலின் சுரப்பு ஏறக்குறைய நின்றுவிடுகிறது. பத்தியமோ மாத்திரையோ அதற்கு ஈடாகாது. நாள்தோறும் ஊசி வேண்டும். அரசு மருத்துவமனைகளில் இன்சுலின் விலையின்றிக் கிடைப்பது பெரும் உதவி. ஆனால், இந்த வேளைக்கு எத்தனை யூனிட் என்பதை எதைக் கொண்டு முடிவு செய்வது? கூடினால் சர்க்கரை தாழ்ந்து மயக்கமும் வலிப்பும் வரும். குறைந்தால் இரத்தத்தில் கீட்டோன் அமிலம் பெருகி உயிருக்கே ஆபத்தாகும். வழிகாட்டுவது குளுக்கோமீட்டரும் அதில் செருகும் பரிசோதனைப் பட்டையுமே.

நாளொன்றுக்கு நான்கு முறை பார்த்தால் மாதத்துக்கு 120 பட்டைகள். ஒன்று 20 ரூபாய் எனக் கொண்டால் 2,400 ரூபாய். தினக்கூலிக் குடும்பம் இதனை ஆயுள் முழுவதும் எவ்வாறு தாங்கும்? பட்டையை மிச்சம் பிடிக்கும் வீட்டில் ஊசியின் அளவு வெறும் ஊகமாகிவிடுகிறது.

ஆகவே பட்டையையும் மருந்தாகவே கருதி, இன்சுலினோடு சேர்த்து அரசு வழங்க வேண்டும் என்பதே நம் கோரிக்கை. செலவு மிகுதி என்பார் உளர். மொத்தமாக வாங்கினால் விலை குறையும். மருந்துகளை அவ்வாறு வாங்கவே தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் இருக்கிறது. நீரிழிவு மாத்திரைகளை 2021 முதல் வீடு தேடிக் கொண்டுசேர்க்கும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டமும் இருக்கிறது. அண்டை மாநிலமான கேரளம் ‘மிட்டாயி’ என்னும் திட்டத்தின்கீழ் இக்குழந்தைகளுக்கு இன்சுலினோடு பரிசோதனைக் கருவிகளையும் வழங்கி வருகிறது. நம்மாலும் இயலும்.

பெற்றோர்களே, திங்கட்கிழமைதோறும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் கூட்டம் நடைபெறுகிறது. மருத்துவரின் சீட்டையும், பட்டை வாங்கிய ரசீதுகளையும் இணைத்து அங்கே மனு அளியுங்கள். ஒரு வீட்டின் மனு தனிக்குறையாகத் தோன்றலாம். பல வீடுகளின் மனுக்கள் சேர்ந்தால் அது கொள்கைக்கான கோரிக்கையாகும்.