தவிடு மாட்டுக்கு... வெள்ளைச் சோறு மனுஷனுக்கு!

மதுரைக்கு வெளியூரிலிருந்து பஸ்ஸில் வந்தவர்களுக்கு மாட்டுத்தாவணியை அறிமுகம் செய்யத் தேவையில்லை. 1999ல் அங்கே எம்.ஜி.ஆர். பஸ் நிலையம் திறக்கப்பட்டது. ஆனால் அந்தப் பெயர் பஸ் நிலையத்தைவிடப் பழையது. தாவணி என்றால் மாடுகளை வரிசையாகப் பிணைக்கும் கயிறு. மாட்டுச் சந்தைக்கும் அதுவே பெயர்.

மாடு வளர்ப்பவர் தன் மாட்டுக்கு என்ன வைப்பார்? வைக்கோல், பிண்ணாக்கு, பருத்திக்கொட்டை, தவிடு. நெல்லின் உமியை நீக்கிய பிறகு அரிசியைத் தீட்டும்போது உதிர்வதுதான் தவிடு. அரிசியின் நார்ச்சத்தில் கணிசமான பகுதியும் பி வைட்டமின்களும் அதில்தான் இருக்கின்றன. அந்தத் தவிடு மூட்டை கட்டி மாட்டுக்குப் போகிறது. பளபளவென்று மிஞ்சும் வெள்ளை அரிசி மனுஷனுக்கு! மாட்டின் தீனியில் காட்டும் அக்கறையை மனிதன் தன் தட்டில் காட்டுவதில்லை என்பதே உண்மை.

ஒரு பக்கம் காய்கறி, மறு பக்கம் பரோட்டா

பஸ் நிலையத்துக்குப் பக்கத்திலேயே சென்ட்ரல் மார்க்கெட். ஊர் தூங்கும் நேரத்தில் அங்கே லாரிகள் வந்து நிற்கும். முட்டைக்கோஸ், முருங்கை, அவரை, வெண்டை, கீரைக்கட்டு என்று மூட்டை மூட்டையாக இறங்கும். மதுரை நகரமே மறுநாள் சமைக்கப்போகும் காய் அது.

அதை இறக்குகிற சுமைத் தொழிலாளி என்ன சாப்பிடுகிறார்? அந்த நேரத்தில் திறந்திருக்கும் கடையில் சூடாகக் கிடைப்பது பரோட்டாவும் சால்னாவும்தான். பகலில் வெள்ளைச் சோறும் குழம்பும். முதுகில் ஒரு மூட்டைக் காய், தட்டில் ஒரு கரண்டி பொரியல்கூட இல்லை! பஸ் டிரைவர், கண்டக்டர் கதையும் இதுதான். அவர்களுக்கு இன்னொரு கஷ்டமும் உண்டு. நாள் முழுவதும் உட்கார்ந்த வேலை. வழியில் இறங்க வேண்டியிருக்குமே என்று தண்ணீரையும் குறைத்துக்கொள்வார்கள். நார்ச்சத்தும் இல்லை, தண்ணீரும் இல்லை என்றால் மலச்சிக்கலும் மூலமும் வராமல் என்ன செய்யும்?

கணக்குப் போட்டுப் பார்த்தால்...

பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்து வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2023ல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. அதோடு காய்கறியும் பழமும் சேர்த்து 400 கிராம்.

ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017ல் வெளியிட்ட உணவு அட்டவணையை வைத்துப் பார்க்கலாம். 100 கிராம் வெள்ளை அரிசியில் நார்ச்சத்து 3 கிராமுக்கும் குறைவு. மைதாவிலும் அப்படியே. கோதுமை மாவு, கேழ்வரகு, கம்பு ஆகியவற்றில் சுமார் 11 கிராம். முழு கொண்டைக்கடலையில் சுமார் 25 கிராம். கொய்யாப்பழத்தில் 8 கிராமுக்கு மேல்.

அதாவது வெள்ளை அரிசியை மட்டும் நம்பி 25 கிராமை எட்ட வேண்டுமென்றால் ஒருவர் ஒரு நாளில் ஏறக்குறைய 900 கிராம் அரிசியைப் பொங்கிச் சாப்பிட வேண்டும். மைதாவானாலும் இதே கணக்குதான். அதே 25 கிராம், 50 கிராம் கொண்டைக்கடலையை ஊறவைத்து அவித்த ஒரு கிண்ணம் சுண்டலிலும் ஒரு பெரிய கொய்யாப்பழத்திலும் வந்துவிடுகிறது! இரண்டும் பஸ் ஜன்னல் வரைக்கும் தேடி வந்து விற்கப்படுகிற பொருட்கள்.

இது வயிற்றுப் பிரச்சினை மட்டும் அல்ல

நார்ச்சத்து என்றால் மலச்சிக்கலுக்கு மருந்து என்று மட்டுமே பலர் நினைக்கிறார்கள். உகாண்டாவில் பணியாற்றிய டெனிஸ் பர்கிட் என்ற அறுவை மருத்துவர் 1970களில் இதைப் பெரிய விவாதமாக்கினார். அங்குள்ள கிராமத்து மக்களிடம், மேலைநாடுகளில் சாதாரணமாகக் காணப்பட்ட பல குடல் நோய்கள் அரிதாக இருப்பதைக் கவனித்து, நார் நிறைந்த உணவே காரணம் என்றார். அவர் சொன்ன எல்லாமே அப்படியே நிலைத்துவிடவில்லை. ஆனால் அடிப்படை நிலைத்தது. 185 நீண்டகால ஆய்வுகளைத் திரட்டி 2019ல் லான்செட் இதழில் வந்த கட்டுரை, நார்ச்சத்து அதிகம் சாப்பிடுவோருக்கு மாரடைப்பு, பக்கவாதம், சர்க்கரை நோய், பெருங்குடல் புற்றுநோய் ஆகியவை 15 முதல் 30 சதவீதம் வரை குறைவாக இருப்பதைக் காட்டியது.

காரணம் புரியாத மர்மம் எதுவும் இல்லை. கரையும் நார் குடலில் கூழ்போல் ஆகி, சர்க்கரை ரத்தத்தில் கலக்கும் வேகத்தைக் குறைக்கிறது. கரையாத நார் கழிவுக்குப் பருமனைத் தந்து நகர்த்துகிறது. மிச்சத்தைப் பெருங்குடலில் வாழும் பாக்டீரியாக்கள் நொதிக்கவைத்து, குடல் சுவருக்கு உணவாகும் அமிலங்களைத் தருகின்றன.

2023ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிக்கும் மேல். இந்த நிலையில் மூன்று வேளையும் வெள்ளை மாவுச்சத்தே என்பது சின்ன விஷயமா?

எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்று உண்டு. நார்ச்சத்து ஒரு சாப்பாட்டின் மார்க் ஷீட் மாதிரி. பயறு, கீரை, காய், பழம், தீட்டாத தானியம் எதுவும் இல்லாமல் நல்ல மார்க் வாங்கவே முடியாது. ஒருவர் தட்டில் நார் போதுமான அளவு இருந்தால் இரும்பும் வைட்டமின்களும் பெரும்பாலும் கூடவே வந்திருக்கும்.

அதனால்தான் நார்ச்சத்துப் பொடியும் நார்ச்சத்து பிஸ்கட்டும் வாங்குவது காப்பியடித்து மார்க் வாங்குவதற்குச் சமம். பாக்கெட்டில் சேர்க்கப்பட்ட பொருட்களை எடை வரிசைப்படிதான் அச்சிடுகிறார்கள். முதல் பெயரே மைதா என்றால் மீதியைப் படிக்க வேண்டியதில்லை.

பழைய காலம் பொற்காலமா?

"அந்தக் காலத்தில் கம்பங்கூழும் கேப்பைக்களியும் சாப்பிட்டு இரும்பு மாதிரி இருந்தார்கள்" என்று பேசுவது சுலபம். அதே காலத்தில் பஞ்சமும் பட்டினியும் இருந்தன. பேரையூர், உசிலம்பட்டிப் பக்கத்துப் புன்செய்க்காரர்களுக்கு நெல்லுச்சோறு தீபாவளி, பொங்கலுக்குக் கிடைக்கும் பண்டமாக இருந்தது. 2011 முதல் ரேஷனில் தரப்படும் விலையில்லா அரிசி எத்தனையோ வீடுகளில் அடுப்பெரிய வைத்தது. அந்த அரிசியைக் குறை சொல்பவர் பசியை அறியாதவர்.

ஆனால் வயிறு நிறைந்தால் வேலை முடிந்தது என்று நின்றுவிடவும் கூடாது. இன்று அதே புன்செய் நிலத்தில் விளையும் குதிரைவாலி கடையில் அரிசியைவிட விலை அதிகம். அதையும் வெள்ளை வெளேரென்று தீட்டி, தவிட்டை நீக்கியே விற்கிறார்கள். ஏழையின் உணவு பணக்காரரின் டயட் ஆகிவிட்டது!

என்ன செய்யலாம்?

சுமை தூக்குபவரிடம் போய் "கீரை சாப்பிடுங்கண்ணே" என்று அறிவுரை சொல்வதில் பயனில்லை. கீரையை அவர்தான் இறக்கிவைத்தார். அது நல்லது என்று அவருக்கும் தெரியும். இரவு ஒரு மணிக்கு அது சமைத்த நிலையில் அவருக்கு எங்கே கிடைக்கும் என்பதே கேள்வி.

பஸ் நிலையத்திலும் மார்க்கெட்டிலும் கடை வாடகைக்கு விடும்போது, மலிவு விலையில் ஒரு சுண்டல், ஒரு பொரியல் கட்டாயம் இருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை போடலாம். 2013ல் தொடங்கப்பட்ட அம்மா உணவகத் திட்டத்தில் ஒரு ரூபாய்க்கு இட்லி கொடுக்க முடிந்தது. அதே மனசு இருந்தால் ஒரு கிண்ணம் பயறும் கொடுக்க முடியாதா? நீலகிரி, தருமபுரியில் 2023ல் ரேஷனில் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு தரத் தொடங்கினார்கள். கம்பும் சோளமும் விளைகிற மதுரை மாவட்டம் அதைக் கேட்டு வாங்கலாமே!

வீட்டில் செய்யக்கூடியதும் உண்டு. சோற்றில் ஒரு கரண்டி குறைத்துப் பொரியலில் ஒரு கரண்டி கூட்டுவது, வாரத்தில் இரண்டு நாள் கம்பு அல்லது கேழ்வரகு, மாலையில் பஜ்ஜிக்குப் பதில் சுண்டல். ஒரே நாளில் மாற்றினால் வயிறு உப்பும். மெதுவாகக் கூட்ட வேண்டும், தண்ணீரும் கூடவே குடிக்க வேண்டும். குடல், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்வது நல்லது.

மார்க்கெட்டில் உதிரும் முட்டைக்கோஸ் இலையையும் கீரைத்தண்டையும் விடியற்காலையில் மாடுகள் வந்து மென்றுகொண்டிருக்கும். அவற்றுக்குக் கிடைப்பதில் ஒரு பங்காவது, அந்த மூட்டையைச் சுமந்தவர் தட்டுக்கும் போக வேண்டாமா?