பழைய இரட்டைக்குழல் துப்பாக்கியும் உட்குழலும்

பயிர்ப் பாதுகாப்பையும் தற்காப்பையும் முன்னிட்டு லைசென்ஸ் பெற்ற மிராசுதார் வீடுகளில், பாட்டனார் காலத்து இரட்டைக்குழல் துப்பாக்கி இன்றும் உறையிலிட்டு வைக்கப்பட்டிருப்பது உண்டு. இவற்றில் மிகுதியானவை 12 போர் அளவுள்ளவை. சுடுங்கால் தோளில் பலமாக உதைப்பதும், குழல் பழையதாகிவிட்டதே என்ற அச்சமும் சேர்ந்து, அதனுள் சிறிய குழல் ஒன்றைச் செருகிச் சிறிய தோட்டாவைக் கொண்டு சுடலாமே என்னும் யோசனையை எழுப்பக்கூடும். பார்வைக்கு இது சிக்கனமாகவும் பத்திரமாகவும் தோன்றும். ஆயினும் ஆராய்ந்து பார்க்குமிடத்து, உட்குழல் நல்ல துப்பாக்கிக்கு மட்டுமே பொருந்தும் என்பதும், நலிந்த துப்பாக்கியை அது ஒருபோதும் நல்லதாக்காது என்பதும் விளங்கும்.

போர் என்னும் கணக்கை முதலில் அறிதல் நலம். ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக வார்த்தால், அவற்றுள் ஒன்று எக்குழலில் சரியாக அடங்குமோ அது 12 போர். இருபது உருண்டைகளாக வார்த்தால் 20 போர். ஆகவே எண் பெருகப் பெருகக் குழல் சிறுக்கும். 12 போரின் உள்விட்டம் 18.5 மில்லிமீட்டர், 20 போருக்கு 15.6, 28 போருக்கு 14. நானூற்றுப்பத்து எனப்படுவது மட்டும் இக்கணக்கில் சேராது. அது ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 410 பங்கு, அதாவது 10.4 மில்லிமீட்டர்.

உட்குழல்கள் இருவகைப்படும். ஒன்று, தோட்டா அறையில் மட்டும் அமரும் குட்டையான குழல். மற்றொன்று, துப்பாக்கிக் குழலின் நீளம் முழுவதும் செல்லும் குழல். பின்னது அமெரிக்காவில் களிமண் தட்டுகளை எறிந்து சுடும் ஸ்கீட் பந்தயக்காரரிடையே பெருவழக்குப் பெற்றது. அப்பந்தயத்தில் 12, 20, 28, நானூற்றுப்பத்து என நால்வகை அளவிலும் சுடவேண்டியிருப்பதால், நான்கு துப்பாக்கி வாங்குவதற்குப் பதிலாக ஒரே துப்பாக்கியில் குழலை மாற்றிக்கொள்வர். அவர்களுடைய துப்பாக்கி உறுதியானது. உட்குழலும் அத்துப்பாக்கிக்கென்றே அளவெடுத்துப் பொருத்தப்பட்டது. அரித்த குழலுக்கு அரணாக அவர்கள் அதைச் செருகுவதில்லை.

சிறிய தோட்டா மென்மையானது என்பது முதல் தவறான எண்ணம். தோளில் உதைப்பது குறையும் என்பது மெய்யே. ஆனால் தோட்டா அறைக்குள் எழும் அழுத்தம் வேறு விஷயம். அமெரிக்க ஆயுத உற்பத்தியாளர் சங்கம் வகுத்துள்ள உச்ச அளவு, சதுர அங்குலத்துக்கு, சாதாரண 12 போர் தோட்டாவுக்கு 11,500 பவுண்டு. 20 போருக்கு 12,000. 28 போருக்கும் இரண்டரை அங்குல நானூற்றுப்பத்துக்கும் 12,500. தோட்டா சிறுக்க அழுத்தம் ஏறுகிறதேயன்றி இறங்கவில்லை. 12 போர் குழலுக்குள் 20 போர் குழலைச் செருகினால், விட்ட வித்தியாசம் 2.9 மில்லிமீட்டர்தான், பக்கத்துக்கு ஒன்றரை மில்லிமீட்டர் கனம்கூட இராது. அவ்வளவு மெல்லிய சுவர் அழுத்தத்தைத் தாங்கவேண்டுமாயின், தேர்ந்த உலோகமும் பிசகில்லாத பொருத்தமும் வேண்டும். பொருத்தம் தளர்ந்தால் உட்குழல் விரிந்து வெளிக்குழலை நெருக்கும். குட்டைக்குழலாயின், வெடிவாயுவும் ரவையும் மிச்சத் தூரம் முழுவதும் பழைய குழலையே தடவிச் செல்லும்; ரவையும் ஒழுங்கின்றிச் சிதறும். எந்த வகையாயினும், பின்னோக்கிய தாக்குதலை ஏற்பது பழைய துப்பாக்கியின் கீலும் பூட்டுமே.

இரண்டாவது அபாயம் இதனினும் கொடியது. உட்குழல் வாங்கிய வீட்டில் இருவகைத் தோட்டாக்கள் சேர்ந்துவிடும். உட்குழல் இல்லாத நேரத்தில் 20 போர் தோட்டா ஒன்றை 12 போர் குழலில் தவறிப் போட்டால், அது உள்ளே வழுக்கிச் சென்று, அறைக்கு முன்னே குழல் குறுகுமிடத்தில் சிக்கி நிற்கும். விசையை இழுத்தால் வெடிக்காது. குழல் காலியென்று நினைத்து, பின்னால் 12 போர் தோட்டாவையும் இட்டுச் சுட்டால், குழல் பிளந்து, முன்கட்டையைத் தாங்கிய கையையே கொண்டுபோய்விடும். இத்தகைய விபத்துக்கள் பல நேர்ந்ததன் காரணமாகவே 20 போர் தோட்டாவுக்கு இக்காலத்தில் மஞ்சள் நிறம் இடப்படுகிறது. இரவில் பரணில் நின்று, அவசரத்தில் மடியிலிருந்து தோட்டாவை எடுப்பவருக்கு மஞ்சளும் சிவப்பும் ஒன்றே.

மூன்றாவது, செலவைக் கருதி உள்ளூர் லேத்துப் பட்டறையில் இரும்புக்குழாயைக் கடைந்து செருகிக்கொள்ளும் ஆசை. குடிநீர்க்குழாய்க்கு ஏற்ற இரும்பு வெடிவாயுவுக்கு ஏற்றதன்று. அன்றியும், 1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டத்தின்படி ஆயுதம் என்ற சொல்லில் அதன் பாகங்களும் அடங்கும். துப்பாக்கியைச் செய்வதையும் விற்பதையும் மட்டுமன்றி, பழுது பார்ப்பதையும் மாற்றியமைப்பதையும் உரிய லைசென்ஸ் இல்லாதவர் செய்யலாகாதென்று அதன் 5-வது பிரிவு விலக்குகிறது. பட்டறைக்காரரும் துப்பாக்கிக்கு உடையவரும் ஒருங்கே குற்றத்துக்கு உள்ளாவர். 12 போருக்கு லைசென்ஸ் வைத்திருப்பவர் வேறு அளவுத் தோட்டாவைத் தாமாகவே வாங்கி வைத்துக்கொள்ளவும் இடமில்லை.

இத்தனை இடருக்கும் ஈடாகக் குடியானவருக்குக் கிடைக்கும் பலன்தான் யாது? சாதாரண 12 போர் தோட்டாவில் ஏறக்குறைய 32 கிராம் ரவை இருக்கும். நானூற்றுப்பத்தில் 14 கிராமே. காட்டுப்பன்றியின் மீது இச்சிறு தோட்டா படுமாயின், அதைக் கொல்லாது. காயப்படுத்தி வெறிகொள்ளச் செய்யும். அன்றியும் 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, பன்றியையும் உரிய அனுமதியின்றிச் சுடலாகாது; மயிலோ மிக உயர்ந்த பாதுகாப்புப் பெற்ற பறவை. வெறும் ஓசையால் விரட்டுவதே நோக்கமாயின், அதற்கு உட்குழல் எதற்கு?

உதைப்பைத் தாங்க இயலாத முதியவருக்கு, உறுதியான துப்பாக்கியில் முறைப்படி செய்த உட்குழல் உதவாதோ என்று கேட்கலாம். உதவும், ஆனால் குறைந்த ரவையும் குறைந்த மருந்தும் இட்ட 12 போர் தோட்டாவும் அதே உதவியைச் செய்யும். அதனால் இருவகைத் தோட்டா கலக்கும் அபாயமும் இல்லை.

ஆகவே உட்குழலைத் தேடுமுன், துப்பாக்கியையே சோதிப்பிப்பது அறிவுடைமை. இரும்பு, எஃகு நாடாக்களை முறுக்கிச் சுற்றி அடித்த டமாஸ்கஸ் குழல்கள் பெரும்பாலும் கரிமருந்துக் காலத்தவை. சுற்றுச்சுற்றான வரிகளால் அவற்றை அறியலாம். உட்புறம் நல்லதாகத் தோன்றினும், பற்றுகளின் இடையே துரு ஒளிந்திருக்கக்கூடும். பழைய ஆங்கிலத் துப்பாக்கிகள் பலவற்றில் தோட்டா அறை இரண்டரை அங்குலமே. இன்றைய இரண்டேமுக்கால் அங்குலத் தோட்டா மடித்த வாயுடன் அதில் நுழைந்துவிடும், ஆனால் வெடிக்கும்போது வாய் விரிய இடமின்றி அழுத்தம் ஏறும். குழலைக் கழற்றி அடிப்புறத்தில் லண்டன் அல்லது பர்மிங்காம் சோதனைச்சாலை முத்திரையைப் பார்ப்பதும், வெளிச்சத்தில் பிடித்துக் குழிகளை நோக்குவதும், கீல் ஆடுகிறதா என்று அசைத்தறிவதும் எவரும் செய்யக்கூடியவை. முடிவு கூறவேண்டியவர் மட்டும் லைசென்ஸ் பெற்ற துப்பாக்கிப் பழுதுபார்ப்போரே.

லைசென்ஸ் புதுப்பிக்கும் காலம் 2019-ம் வருஷத்துத் திருத்தத்தால் ஐந்தாண்டாகியிருக்கிறது. அதற்கான விசாரணைக்கு வரும் கிராம நிர்வாக அலுவலர், காகிதத்தோடு துப்பாக்கியின் நிலையையும் இரண்டு வார்த்தை விசாரித்துச் செல்வாராயின், ஒரு குடும்பத்தின் கையும் கண்ணும் காக்கப்படும். சுடத் தகாதென்று தேர்ந்தவர் கூறிய துப்பாக்கியைப் பாட்டனார் நினைவாகச் சுவரில் வைக்கவேண்டுமாயினும், அதைச் செயலிழக்கச் செய்வதற்கும் ஒப்படைப்பதற்கும் கலெக்டர் அலுவலகத்தில் வழி கேட்டுக்கொள்ளலாம். அதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. நலிந்த குழலுக்குள் இன்னொரு குழலைச் செருகி அதை இளமையாக்க முயல்வதே குறைவு.