புகைக்கு எச்சரிக்கை உண்டு, சாதிக்குக் கிடையாதா?



போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, எங்கள் படிப்பகத்தில் பிள்ளைகளுக்கு டாம் அண்ட் ஜெர்ரி போட்டுக் காட்டினோம். தருமபுரி பேருந்து நிலையத்துப் பக்கம் நடைபாதையில் எப்போதோ வாங்கிய டிவிடி. பழைய படங்களின் தொகுப்பு. அட்டையில் பூனையும் எலியும் இருந்தன. வேறு ஒரு விவரமும் இல்லை.

பாதிப் படத்தில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி கேட்டாள்: "ஏங்கா, அந்த அம்மாவுக்கு மட்டும் மூஞ்சியே காட்ட மாட்டேங்கறாங்க? காலும் தொடப்பமும்தான் வருது."

பதில் சொல்வதற்குள் அடுத்தது நடந்தது. படத்தின் முடிவில் வீடு முழுக்க நிலக்கரி கொட்டுகிறது. டாம் அதில் முங்கி, கறுத்துப்போய் எழுந்து, இழுத்து இழுத்துப் பேசுகிறது. கூட்டத்தில் ஒருவன் பக்கத்திலிருந்த பையனைக் காட்டி, "டேய், இவனாட்டமே இருக்குதுடா" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். அந்தப் பையனும் சிரித்தான். கொஞ்ச நேரத்தில் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டான்.

எல்லாரும் நம் பிள்ளைகள். ஒரே தெரு, ஒரே நிறம். தன் தோலைப் பார்த்தே சிரிக்கக் கற்றுக்கொண்டுவிட்டார்கள். போட்டுக் காட்டியவர்கள் நாங்கள். எனவே இதை எழுதும் கடமையும் எங்களுக்கு உண்டு.

அந்தப் படம் 1948-ல் வந்த 'மவுஸ் கிளீனிங்'. முகமில்லாத அந்த அம்மா, கறுப்பின வேலைக்காரப் பெண். 1940 முதல் 1952 வரை 19 படங்களில் வருகிறார். குரல் கொடுத்தவர் லில்லியன் ராண்டால்ஃப் என்ற கறுப்பின நடிகை. ஏழு ஆஸ்கர் வாங்கிய தொடர் இது. பூனைக்கு எத்தனை முகபாவம்! எலிக்கு எத்தனை முகபாவம்! அந்த வீட்டைக் கூட்டிப் பெருக்கும் மனுஷிக்கு மட்டும் முகமே கிடையாது.

நமக்கு இது புதிதா? ஊர்த்தெருவில் சாணி அள்ளும் நம் அம்மாக்களின் பெயர் அந்த வீடுகளில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அந்தப் பெண்ணை வைத்துக்கொண்டு அமெரிக்காவில் என்ன செய்தார்கள் என்பதுதான் நமக்குப் பாடம். கறுப்பின மக்கள் எதிர்த்தார்கள். 1960களில் தொலைக்காட்சிக்காகச் சில படங்களில் அவரை வெள்ளைக்காரப் பெண்ணாக மாற்றி வரைந்தார்கள். 1990களில் உருவத்தை விட்டுவிட்டு, வேறொரு நடிகையை வைத்துப் பேச்சை மட்டும் மாற்றினார்கள். 2013-ல் வார்னர் நிறுவனம் டாம் அண்ட் ஜெர்ரி கோல்டன் கலெக்ஷனின் இரண்டாம் தொகுப்பை அறிவித்தபோது, 'மவுஸ் கிளீனிங்', 'கேசனோவா கேட்' என்ற இரண்டு படங்களைச் சத்தமில்லாமல் விட்டுவிட்டது. சேகரிப்பாளர்கள் கொதித்தார்கள். வெளியீடே நிறுத்திவைக்கப்பட்டது.

அவர்களுக்குத் தொகுப்பு முழுசாக வேண்டும். நமக்கு வரலாறு முழுசாக வேண்டும். இரண்டும் ஒன்றல்ல. ஆனால் ஆளை மாற்றுவதும், குரலை மாற்றுவதும், படத்தையே வெட்டுவதும் ஒரே வேலைதான். இழிவு செய்தவன் தன் கையைக் கழுவிக்கொள்கிற வேலை.

இன்னொரு வழியும் அங்கே நடந்தது. 2005-ல் வந்த லூனி டியூன்ஸ் கோல்டன் கலெக்ஷன் மூன்றாம் தொகுப்பில், படங்களுக்கு முன்னால் கறுப்பின நடிகை ஊப்பி கோல்ட்பர்க் வந்து பேசுகிறார். இவற்றில் உள்ள இனக் கிண்டல் அன்றும் தவறு, இன்றும் தவறு. ஆனால் இவற்றை மறைப்பது, அப்படியொரு வெறுப்பே இருந்ததில்லை என்று சொல்வதற்குச் சமம் என்பதுதான் அதன் சாரம். இழிவுபடுத்தப்பட்ட சமூகத்தின் ஒரு பெண் முகம் காட்டிப் பேசிய பிறகுதான் படம் தொடங்குகிறது.

நிறுவனம் திருந்திவிட்டது என்று நாங்கள் சான்றிதழ் தரவில்லை. அன்று இழிவை விற்றார்கள், இன்று வருத்தத்தையும் சேர்த்து விற்கிறார்கள். 'அந்தக் காலத்தின் விளைவு' என்ற சமாதானத்தையும் நாங்கள் ஏற்கவில்லை. எந்தக் காலம்? 1943-லேயே 'கோல் பிளாக்' என்ற கார்ட்டூனை எதிர்த்து என்.ஏ.ஏ.சி.பி அமைப்பு குரல் கொடுத்தது. அந்தக் காலத்தில் எதிர்த்தவர்களும் அந்தக் காலத்தவர்கள்தானே? 'அப்பல்லாம் அப்படித்தான்' என்று பெரியவர்கள் இங்கே சொல்லும்போதும் இதையே திருப்பிக் கேளுங்கள்.

இங்கே என்ன நிலைமை? 2012 என்ற ஒரே ஆண்டை எடுத்துக்கொள்வோம்.

மே மாதம், பதினோராம் வகுப்பு என்.சி.இ.ஆர்.டி பாடநூலில் இருந்த ஒரு கேலிச்சித்திரம் நாடாளுமன்றத்தில் எதிர்ப்புக்கு உள்ளானது. 1949-ல் சங்கர் வரைந்தது. அண்ணல் அம்பேத்கர் நத்தை மேல் அமர்ந்திருக்க, பின்னால் நேரு சாட்டையோடு நிற்பார். எழுச்சித் தமிழர் திருமாவளவன் எழுப்பிய கேள்வி நியாயமானது. அந்தச் சாட்டையை நம் பிள்ளைகள் எப்படிப் பார்ப்பார்கள் என்று எழுதியவர்களுக்குத் தோன்றவே இல்லை. சித்திரம் நீக்கப்பட்டது. வகுப்பறையில் சாதி நீங்கியதா?

அக்டோபர் மாதம், திரையில் யாராவது புகைத்தால் எச்சரிக்கை வாசகம் போட வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. நல்லது. எந்த விலங்கும் துன்புறுத்தப்படவில்லை என்றும் போடுகிறார்கள். அதுவும் நல்லது. ஆனால் கறுப்புத் தோலைக் கிண்டலடித்து, பிணம் எரிப்பவரைக் கிண்டலடித்து, குடிசையைக் கிண்டலடித்து எடுத்த காமெடிகள் நாள் முழுக்க ஓடுகின்றன. அவற்றுக்கு எந்த வாசகமும் இல்லை. நுரையீரலுக்கு இருக்கும் மரியாதை நம் மானத்துக்கு இல்லை.

நவம்பர் 7. இதை நம் மாவட்டத்தில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி. 200-க்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டன, எரிக்கப்பட்டன. அந்த நாட்களில் மேடைகளில் நம் இளைஞர்களைப் பற்றி ஒரு சித்திரம் தீட்டப்பட்டது: ஜீன்ஸ் போட்டு, டி-சர்ட் போட்டு, கூலிங் கிளாஸ் மாட்டிப் பெண்களை மயக்குகிறவர்கள் என்று. அதுவும் ஒரு கார்ட்டூன்தான் தோழர்களே. காகிதத்தில் வரையவில்லை, வாயால் வரைந்தார்கள். ஒரு மனிதனை முதலில் கேலிச்சித்திரமாக்கிவிட்டால், பிறகு அவன் வீட்டுக்குத் தீ வைக்கும் கை நடுங்குவதில்லை. 'குழந்தைகள் பார்க்கிற கார்ட்டூனிலுமா சாதி பார்க்கிறீர்கள்?' என்று கேட்பவர்களுக்கு எங்கள் பதில் இதுதான்.

அப்படியானால் தடை செய்யலாமா? வேண்டாம் என்கிறோம். 2019-ல் உன்னமதி சியாம சுந்தர் ஒரு வேலை செய்தார். அம்பேத்கரைக் கேலி செய்து அவர் காலத்து ஆங்கிலப் பத்திரிகைகள் வெளியிட்ட கேலிச்சித்திரங்களைத் தேடித் திரட்டி, ஒவ்வொன்றுக்கும் தன் விளக்கத்தை எழுதி, நவயானா பதிப்பகத்தின் வழியாக நூலாக்கினார். ஒன்றையும் மறைக்கவில்லை. அவமானப்பட வேண்டியவர் அம்பேத்கர் அல்ல, வரைந்தவர்கள்தான் என்பதைப் பக்கத்துக்குப் பக்கம் காட்டினார். அங்கே ஊப்பி கோல்ட்பர்க்கைக் கூப்பிட ஒரு நிறுவனம் இருந்தது. இங்கே யாரும் கூப்பிடவில்லை. நம் ஆளே உட்கார்ந்து எழுதினார்.

நாம் எடுக்க வேண்டிய வழி இதுதான். பழைய படங்களையும் கார்ட்டூன்களையும் தொகுத்து வெளியிடுகிறவர்கள், அது வட்டோ, சேனலோ, செயலியோ, இழிவு உள்ள இடத்தில் இழிவு என்று எழுதட்டும். அதை எழுத நம்மவர்களைக் கூப்பிடட்டும். இதைக் கோரிக்கையாக வைத்துத் தொடர்ந்து கேட்போம். அவர்கள் எழுதும்வரை நம் படிப்பகங்களில் நாமே முன்னுரை சொல்வோம். படத்தை நடுவில் நிறுத்துங்கள். மூன்று கேள்வி கேளுங்கள்: யாருக்கு முகம் இல்லை? யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம்? இதை வரைந்தது யார்?

அடுத்த ஞாயிறு அந்தப் பையனின் வீட்டுக்குப் போய் அவனை அழைத்து வந்தோம். அதே படத்தை மறுபடியும் போட்டோம். நிலக்கரி கொட்டும் இடத்தில் நிறுத்திப் பேசினோம். பிறகு எல்லாரிடமும் காகிதம் கொடுத்து, அந்த அம்மாவுக்கு முகம் வரையச் சொன்னோம்.

கேள்வி கேட்ட பிள்ளை வரைந்த முகம் அவள் அம்மா முகம். அந்தப் பையன் மூக்குத்தி வைத்து, காதுவரை சிரிக்கிற ஒரு கிழவியை வரைந்தான். "எங்க ஆயா" என்றான். கறுப்புக் கிரேயானை அழுத்தி, நிறையப் பூசியிருந்தான்.

ஜெய்பீம்.