மல்லாந்து கிடக்கும் வித்தை

இல்லறத்தார் பலரிடம் ஒரு நோய் உண்டு. வீட்டில் நடப்பன யாவும் தம் கைப்பிடிக்குள் இருந்தாற்றான் ஒழுங்காக நடக்கும் என்று எண்ணுவதே அந்நோய். அடியேனும் அதனால் வருந்தியவனாதலின், அதுபற்றி எழுத எனக்கு ஓரளவு உரிமை உண்டு.

என் மகள் க.பொ.த. உயர்தரப் பரீட்சைக்குப் படித்த காலம். பாடங்களைத் தெரிவு செய்தவன் நான். நேர அட்டவணை எழுதியவன் நான். அதிகாலை 4 மணிக்கு அவளை எழுப்பியவனும் நானே. நாளடைவில் அவள் என்னோடு பேசுவதைக் குறைத்தாள். ஓரிரவு, "அப்பா, பரீட்சை எழுதப் போவது நானா, நீங்களா?" என்று கேட்டுவிட்டு, உண்ணாமலே எழுந்து சென்றாள்.

அன்று உறக்கம் வரவில்லை. விறாந்தையில் தனியே அமர்ந்திருந்தபோது, இளமையிலே கீரிமலைக் கேணியில் பெரியப்பா எனக்கு நீந்தப் பழக்கிய நாள் நினைவுக்கு வந்தது. கடலருகே நன்னீர் ஊறும் அக்கேணியில் நான் கைகால்களை அடித்து அடித்துத் தாழ்ந்தேன். "தம்பி, தண்ணீரோடு சண்டை பிடியாதே, மூச்சை நிறைய இழுத்துக்கொண்டு மல்லாந்து கிட" என்றார் அவர். அஞ்சியவாறே கிடந்தேன், மிதந்தேன். நெஞ்சு நிறையக் காற்றிருக்கையில் நம் உடம்பு நீரினும் சற்று இலேசானது. அதனைத் தாழ்த்துவது பெரும்பாலும் நமது பதற்றமே.

யாழ்ப்பாணத்து யோகர் சுவாமிகள் (1872–1964) "சும்மா இரு" என்று அன்பர்க்குக் கூறியதைச் சிலர் சோம்பலுக்குச் சார்பான சொல்லாகக் கொள்வர். அவ்வாறு கூறியவரே 'சிவதொண்டன்' இதழைத் தொடங்கச் செய்தவர் என்பதை அவர்கள் எண்ணுவதில்லை. மிதப்பவனுக்கும் ஒரு தொழில் உண்டு. அது மூச்சை நெஞ்சில் காத்தல். தாங்குவது மட்டுமே நீரின் தொழில்.

மறுநாள் அட்டவணையைச் சுவரிலிருந்து எடுத்துவிட்டேன். "பிள்ளை, தேவையானதைக் கேள், நான் இருக்கிறேன்" என்று மட்டும் மகளிடம் சொன்னேன். மாலைதோறும் கால் மணி நேரம் ஒன்றும் செய்யாது அமரப் பழகினேன். முதலில் அது எளிதாயில்லை. அவள் படிக்கிறாளா என்று பார்க்கக் கால்கள் தாமே எழுந்தன. ஒரு கிழமை கழித்து, அவளே தேநீரோடு வந்து அருகில் அமர்ந்தாள். இருவரும் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை.

நான் விரும்பிய துறை அவளுக்குக் கிடைக்கவில்லை. ஆயினும், நான் இழக்கவிருந்த மகள் எனக்குத் திரும்பக் கிடைத்தாள்.

நேயர்களே, செய்யவேண்டியதைச் செய்து முடித்தபின், இன்று மாலை நீங்களும் கால் மணி நேரம் சும்மா இருந்து பாருங்கள். உங்கள் கை எடுபட்டதனால் வீடு சரிந்துவிடாது.