காதல் கதை படிக்கிற பொண்ணுக்கு எந்த வியாதியும் இல்லை

1/
ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், ஒரகடம் பக்கம் விடுதியில தங்கி கம்பெனி வேலைக்குப் போற பெண்கள், ஓய்வு நேரத்துல போன்ல காதல் கதை படிக்கிறாங்க. மந்திரக் கதை, ராஜா ராணிக் கதையும் படிக்கிறாங்க.
இதை ஒரு சமூகப் பிரச்சனை மாதிரி பேசுறதை முதல்ல நிறுத்துங்க.
கொஞ்சம் நீளமான த்ரெட். முழுசா படிச்சுட்டுத் திட்டுங்க.

2/
ஏன் இப்ப இந்தப் பேச்சு?
சமீபத்துல இந்தப் பக்கம் ஒரு பெண்கள் விடுதியில விழிப்புணர்வுக் கூட்டம். ரத்தசோகை பத்திப் பேச நான் போயிருந்தேன். எனக்கு முன்னாடி "மனநலம்" பத்திப் பேசினவர், பாதி நேரம் நாவலைத்தான் திட்டினார். ரொமான்ஸ் கதை படிச்சா மனசு கெட்டுப்போகும், ஆசை வளரும், வேலையில கவனம் சிதறும், அந்த நேரத்துல பொது அறிவு படிங்க என்று முடிச்சார். கைதட்டல் வேற.

3/
அதுக்கப்புறம் ஓபியில ஒரு கேள்வி வர ஆரம்பிச்சிருக்கு.
"டாக்டர், நைட்டு கதை படிக்கிறதாலதான் எனக்குத் தலைவலியா?"
இல்லம்மா.
சரியா சாப்பிடாம ஷிப்டுக்குப் போறீங்க. வாரத்துக்கு வாரம் தூங்குற நேரம் மாறுது. தண்ணி குடிச்சா பாத்ரூம் போகணும், போனா லைன்ல கேள்வி வரும் என்று தண்ணியே குடிக்கிறதில்லை. காரணத்தை அங்க தேடணும். கதை மேல பழி போடுறது சுலபம். கதை திருப்பிப் பேசாது.

4/
இந்தப் பெண்கள் ஆஸ்பத்திரிக்கு என்ன தொந்தரவோட வர்றாங்க தெரியுமா?
கழுத்து வலி, இடுப்பு வலி. நீர்க்கடுப்பு. மாதவிடாய் தள்ளிப் போறது. தூக்கம் வராதது. கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தா வெளுத்துக் கிடக்கும்.
தேசிய குடும்ப நல ஆய்வு (2019-21) தமிழ்நாட்டுக்குச் சொல்ற கணக்கு: 15 முதல் 49 வயசுப் பெண்கள்ல 53 சதவீதத்துக்கு மேல ரத்தசோகை. பாதிக்கும் மேல!
அவங்க படிக்கிற நாவலைப் பத்திக் கவலைப்படுறவங்கள்ல எத்தனை பேர் அவங்க ஹீமோகுளோபினைப் பத்திக் கேட்டிருக்கீங்க?

5/
இன்னொண்ணு. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, இரவு ஷிப்ட் வேலையைப் "புற்றுநோய் உண்டாக்கக்கூடும்" என்ற 2ஏ பட்டியல்ல வெச்சிருக்கு. 2007-ல வெச்சாங்க. 2019-ல மறுபடி ஆராய்ந்து அதே இடத்துல விட்டுட்டாங்க.
பயமுறுத்த இதைச் சொல்லலை. நைட் ஷிப்ட் போனா கேன்சர் வந்தே தீரும் என்று அர்த்தம் இல்லை.
ஆனா அந்தப் பட்டியல்ல காதல் கதை எந்த இடத்துலயும் இல்லை. சும்மா ஞாபகப்படுத்துறேன்.

6/
சரி, அந்தப் பொண்ணோட ஒரு நாளை எண்ணிப் பார்ப்போம்.
எட்டு மணி நேரம் ஷிப்ட். கம்பெனி பஸ்ல போக வர நேரம். ஓ.டி. இருந்தா அது தனி. குளிக்க வரிசை, சாப்பிட வரிசை, துணி துவைக்க வரிசை. வீட்டுக்கு ஒரு போன். மிச்சம் இருக்கிறது ஒரு மணி நேரம், கூடிப்போனா ரெண்டு.
லைன்ல ஒவ்வொரு நொடிக்கும் டார்கெட் இருக்கு. பல எலக்ட்ரானிக்ஸ் கம்பெனிகள்ல உள்ள போன் கொண்டுபோக முடியாது. போன் செய்யுற கையில போன் கிடையாது.
அந்த ஒரு மணி நேரம்தான் முழுக்க அவங்களோடது. அதுக்கும் நாம டார்கெட் வைக்கணுமா?

7/
என்ன படிக்கிறாங்க?
ரமணிசந்திரன். அம்மா படிச்சது, இப்ப மக படிக்கிறா. நூறு நாவலுக்கு மேல எழுதினவர். வாடகை நூலகங்கள்ல அவர் புத்தகம் அட்டை கிழிஞ்சு, தைச்சு, மறுபடி கிழியுற அளவுக்குக் கை மாறிச்சு.
பிரதிலிபியில வர்ற தொடர்கதைகள். எழுதுறவங்கள்லயும் நிறைய பேர் வீட்டுல இருந்தும் வேலைக்குப் போயிட்டும் எழுதுற பெண்கள்.
பொன்னியின் செல்வன். 1999-ல கல்கி நூல்கள் நாட்டுடைமை ஆனதால போன்ல காசில்லாம கிடைக்குது.
தமிழ்ல வந்த ஹாரி பாட்டர்.
இதுல எது விஷம்? சொல்லுங்க.

8/
குற்றச்சாட்டு ஒண்ணு: "நேரம் வீண்."
ஒரு ஐபிஎல் மேட்ச் மூணு மணி நேரத்துக்கு மேல ஓடும். பார்க்கிற ஆம்பளைகிட்ட "இதனால உனக்கு என்ன பயன்?" என்று யாராவது கேட்டிருக்கோமா? "உழைச்சுட்டு வந்திருக்கான், பார்க்கட்டும்" என்போம்.
அவளும் உழைச்சுட்டுத்தான் வந்திருக்கா. அவளும் படிக்கட்டும். கணக்கு சரியாப் போச்சு.

9/
குற்றச்சாட்டு ரெண்டு: "பெண்களைக் கெடுத்துடும்."
இது நூறு வருசப் பழைய பல்லவி.
வை.மு. கோதைநாயகி அம்மாள் பிறந்தது 1901. அஞ்சாறு வயசுல கல்யாணம். பள்ளிக்கூடம் போகலை. முதல்ல சொல்லச் சொல்லத் தோழி எழுதினாங்க, பிறகு தானே எழுதினாங்க. 115 நாவல்கள். 1925-ல ஜகன்மோகினி பத்திரிகையை ஏற்று நடத்தினாங்க. அப்பவும் நாவல் படிக்கிற பொம்பளை உருப்படாது என்று சொன்னவங்க இருந்தாங்க.
அந்தம்மா நாவலும் எழுதினாங்க, கள்ளுக்கடை மறியல்லயும் நின்னாங்க, சிறைக்கும் போனாங்க. யார் கெட்டுப்போனது?

10/
நம்ம ஊர்ல மட்டும் இல்லை. இங்கிலாந்துலயும் இதே வசவு இருந்துச்சு. ஜேன் ஆஸ்டின் இறந்த பிறகு 1817 கடைசியில வெளிவந்த "நார்தாங்கர் அபே" நாவல்லயே, கதையை நிறுத்திட்டு, நாவல் படிக்கிற பெண்களுக்காக வாதாடுறார்.
200 வருசம் ஆச்சு. அங்க இன்னைக்கு ஜேன் ஆஸ்டின் படத்தைப் பத்து பவுண்ட் நோட்டுல அடிச்சிருக்காங்க. நாம இன்னும் விடுதி ஹால்ல மைக் பிடிச்சுத் திட்டிட்டு இருக்கோம்.

11/
குற்றச்சாட்டு மூணு: "கனவுலகத்துல வாழ்வாங்க, நிஜம் தெரியாது."
2021 டிசம்பர் ஞாபகம் இருக்கா? ஃபாக்ஸ்கான் பெண் தொழிலாளர்கள் தங்கியிருந்த விடுதியில கெட்ட சாப்பாடு. 150 பேருக்கு மேல ஆஸ்பத்திரியில சேர்ந்தாங்க. சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில ராத்திரி முழுக்க உட்கார்ந்து நியாயம் கேட்டது யாரு? இதே வயசு, இதே வேலை, இதே மாதிரி விடுதியில இருக்கிற பெண்கள்.
அவங்களுக்கு நிஜம் நல்லாத் தெரியும். பகல் முழுக்க நிஜத்தோடதான் இருக்காங்க. ராத்திரி ஒரு மணி நேரம் வேற ஊருக்குப் போயிட்டு வரட்டுமே.

12/
குற்றச்சாட்டு நாலு: "இதெல்லாம் இலக்கியமா?"
இதைச் சொல்றவங்கதான் சங்க இலக்கியப் பெருமையும் பேசுவாங்க. எட்டுத்தொகை நூல்கள்ல அஞ்சு அகம்: நற்றிணை, குறுந்தொகை, ஐங்குறுநூறு, கலித்தொகை, அகநானூறு. குறுந்தொகையில மட்டும் 400 பாட்டு. காதலன் வருவானா, வரமாட்டானா, ஊர் என்ன பேசும், தோழி என்ன சொன்னா... இதுதானே?
காதலைப் பத்திப் பேசுறது கேவலம் என்றால் நம்ம பெருமையில பாதியை முதல்ல தூக்கிப் போடணும்.

13/
"அது கவிதை, இது சரக்கு" என்பீங்க. இருக்கட்டும். ரமணிசந்திரனையும் குறுந்தொகையையும் ஒரே தராசுல வைக்க நான் சொல்லலை.
பொன்னியின் செல்வனையே எடுத்துக்குங்க. வந்தியத்தேவன் - குந்தவை, அருள்மொழி - வானதி, ஆதித்த கரிகாலன் - நந்தினி, நடுவுல பூங்குழலி. இவங்க மனசை எல்லாம் எடுத்துட்டா மிச்சம் என்ன இருக்கும்? சதியும் குதிரையும்தான்.
அதை நீங்க பத்தாவது லீவுல ராத்திரி முழுக்கப் படிச்சது பெருமைக் கதை. அதே விறுவிறுப்போட ஒரு பொண்ணு இன்னைக்கு ஒரு தொடர் படிச்சா அது அடிமைத்தனமா?

14/
குற்றச்சாட்டு அஞ்சு. இது மட்டும்தான் நியாயமான கேள்வி: "அந்தக் கதைகள்ல ஹீரோ முரடன். அறையுறான், கட்டாயக் கல்யாணம் பண்றான், கடைசியில அவளே அவனை நேசிக்கிறா. இது தப்பான பாடம் இல்லையா?"
ஆமா, அப்படிக் கதைகள் இருக்கு. எனக்கும் பிடிக்காது.
அதனால நேரடியாவே சொல்லிடுறேன். கதையில அறை விழுந்தா அடுத்த அத்தியாயத்துல மல்லிகைப்பூ வரும். நிஜத்துல அறை விழுந்தா அது குடும்ப வன்முறை. 2005 சட்டம் இருக்கு. உதவி எண் 181, எந்த நேரமும் கூப்பிடலாம்.

15/
ஆனா இதுக்குத் தீர்வு படிக்கிறதைத் தடுக்கிறது இல்லை.
துரத்தித் துரத்தி "லவ் பண்ணு" என்று மிரட்டுற ஹீரோவை நம்ம சினிமா எத்தனை வருசமா கொண்டாடுது? பையனை யாராவது தியேட்டர் வாசல்ல நிறுத்தி அட்வைஸ் பண்ணினோமா? பாடம் தேவைப்படுறது அவனுக்கு. கூட்டம் போடுறது இவளுக்கு.
ஒரே மாதிரி பத்து கதை படிச்சவளுக்குப் பதினோராவது கதையில ஹீரோ எங்க தப்பு பண்றான் என்று நல்லாவே தெரியும். தொடருக்குக் கீழ வர்ற கமெண்டைப் படிச்சுப் பாருங்க. "இவனை எதுக்கு மன்னிச்சா?" என்று சண்டை போடுறவங்க அந்த வாசகிகள்தான்.

16/
இப்ப எதிரிகளை விட்டுட்டு நம்ம நண்பர்கள் பக்கம் வர்றேன். "படிக்கிறது நல்லதுதான் டாக்டர். மன அழுத்தம் குறையும், ஆயுசு கூடும்" என்று சொல்ற நல்லவங்க.
அப்படி ஒரு ஆய்வு இருக்கு. 2016-ல யேல் பல்கலைக்கழகத்துக்காரங்க வெளியிட்டது. 50 வயசுக்கு மேற்பட்ட 3,635 அமெரிக்கர்கள், 12 வருசக் கணக்கு. புத்தகம் படிக்கிறவங்க இறக்கிற வாய்ப்பு சுமார் 20 சதவீதம் குறைவு.
அதை வெச்சு நான் வாதாடப் போறதில்லை.

17/
ஏன்னா, அது புத்தகத்தால நடந்ததா, புத்தகம் படிக்கிற வசதியும் நிம்மதியும் இருந்ததால நடந்ததா என்று அந்த மாதிரி ஆய்வு உறுதியாச் சொல்லாது. இது ஒரு காரணம்.
பெரிய காரணம் வேற. ஒரு பொண்ணோட சந்தோசத்துக்கு ஏன் மருத்துவச் சான்றிதழ் வேணும்?
லீவுக்குச் சான்றிதழ். உடம்பு சரியில்லை என்றால் சான்றிதழ். கதை படிக்கவும் "இது ஆரோக்கியத்துக்கு நல்லது" என்று நான் கையெழுத்துப் போடணுமா? போடமாட்டேன். மாத்திரை என்றால் டோஸ் உண்டு, அளவு உண்டு, நிறுத்தச் சொல்ல ஆள் உண்டு. கதை மாத்திரை இல்லை.

18/
அதே மாதிரி, "இதுல ஆரம்பிச்சு அப்புறம் நல்ல இலக்கியத்துக்கு வருவாங்க" என்றும் சொல்லாதீங்க.
வந்தா வரட்டும். வராட்டி வேண்டாம். பிடிச்சிருக்கு, படிக்கிறாங்க. அவ்வளவு போதும். நீங்க டீக்கடையில பஜ்ஜி சாப்பிடுறது, அடுத்து பாதாம் பருப்புக்கு முன்னேறவா?

19/
டாக்டரா சொல்ல வேண்டியது கொஞ்சம் இருக்கு, அதையும் சொல்லிடுறேன். தங்கச்சிகளா, இது உங்களுக்கு.
தூக்கத்தைத் திருடிப் படிக்காதீங்க. பகல்ல தூங்கினாலும் ராத்திரி தூங்கினாலும் ஏழு மணி நேரம் வேணும். கதை நாளைக்கும் இருக்கும்.
லைட்டை அணைச்சுட்டு இருட்டுல படிக்கும்போது போன் வெளிச்சத்தைக் குறைச்சு வெச்சுக்குங்க.
இருபது நிமிசத்துக்கு ஒரு தடவை தூரத்துல இருக்கிறதைக் கொஞ்ச நேரம் பாருங்க.
குப்புறப் படுத்துப் படிக்காதீங்க, கழுத்து ஏற்கெனவே லைன்ல குனிஞ்சு நொந்திருக்கு.
கடைசியா, இரும்புச்சத்து மாத்திரையை டீயோட போடாதீங்க. மாத்திரை உடம்புல சரியாச் சேராது.
அவ்வளவுதான். எந்தக் கதை என்று நான் கேட்கமாட்டேன்.

20/
அம்மா அப்பாக்களுக்கு:
உங்க பொண்ணு 20 வயசுல வீட்டை விட்டு வந்து, தெரியாத ஊர்ல, தெரியாத பொண்ணுங்களோட ஒரே ரூம்ல தங்கி, மாசா மாசம் வீட்டுக்குப் பணம் அனுப்புறா. தம்பி ஃபீஸ் கட்டுறா. அவளை நம்பித்தானே அனுப்பினீங்க? அவ போன்ல என்ன கதை இருக்கு என்று பார்த்துப் பயப்படாதீங்க. அடுத்த தடவை ஊருக்கு வரும்போது "என்ன கதைடி, சொல்லு" என்று கேளுங்க. அம்மாவுக்கும் ரமணிசந்திரன் ஞாபகம் வரும்.

21/
கம்பெனிகளுக்கும் அரசுக்கும்:
வல்லம் வடகால்ல 706 கோடி ரூபாய்ல 18,720 பெண்கள் தங்குற மாதிரி குடியிருப்பு கட்டி 2024 ஆகஸ்ட்ல திறந்தாங்க. நல்ல விசயம், மனசாரப் பாராட்டுறேன்.
இனி எங்க விடுதி கட்டினாலும் கட்டில், கேன்டீன், தண்ணீர், பாத்ரூம் எண்ணுற மாதிரி புத்தக அலமாரியையும் எண்ணுங்க. மாடிக்கு ஒண்ணு. பூட்டு வேண்டாம். தனியார் விடுதிகளுக்கும் இதே விதி வைங்க.
அலமாரியில தன்னம்பிக்கை நூலும் போட்டித்தேர்வு கைடும் மட்டும் அடுக்காதீங்க. அவங்க கேட்கிறதை வாங்கி வைங்க.

22/
நூலகத்துல நாம யாருக்கும் புதுசாப் பாடம் கத்துக்க வேண்டியதில்லை.
சீர்காழியில பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-லயே நூலக விதிகள் எழுதிட்டார். வாசகர் கேட்கிற புத்தகம் வாசகருக்குப் போய்ச் சேரணும் என்பது அதுல ஒண்ணு. எது கேட்கத் தகுந்தது என்று நூலகர் தீர்ப்பு சொல்லணும் என்று எந்த விதியும் இல்லை. அதே 1931-ல மன்னார்குடி பக்கம் மாட்டு வண்டியில புத்தகம் ஏத்தி ஊர் ஊராப் போனாங்க.
1948-ல நூலகச் சட்டம் போட்ட மாநிலம் இது. சொத்து வரியோட இன்னைக்கும் நூலக வரி கட்டுறோம். மாட்டு வண்டி போன இடத்துக்கு, இத்தனை கம்பெனி பஸ் ஓடுற ரோட்டுல ஒரு நூலக வண்டி போக முடியாதா? பி ஷிப்ட் முடிஞ்சு வர்றவளுக்கும் எட்டுற நேரத்துல?

23/
மொத்தத்துல நான் சொல்றது ஒண்ணே ஒண்ணு.
அந்தப் பெண்களோட கை, கண், தூக்கம், இளமை எல்லாத்துக்கும் இங்க ஒரு விலை போட்டாச்சு. விலை போடாத ஒரு மணி நேரம் மிச்சம் இருக்கு. அதுல அவங்க ஒரு காதல் கதை படிக்கிறாங்க. அதையும் பிடுங்காதீங்க. அதுக்கும் அட்வைஸ் சொல்லாதீங்க.

24/
தங்கச்சிகளா, கமெண்ட்ல உங்களுக்குப் பிடிச்ச கதை பேரை எழுதுங்க. வெட்கப்பட ஒண்ணும் இல்லை. மத்தவங்களுக்கும் பயன்படும்.
திட்ட வர்றவங்களும் வாங்க. வர்றதுக்கு முன்னாடி ஒரே ஒரு வேலை: கடைசியா எந்த நாவலை முழுசா படிச்சீங்க என்று முதல் வரியில போட்டுட்டு அப்புறம் ஆரம்பிங்க.


அரசு மருத்துவமனை மருத்துவர், எம்.பி.பி.எஸ்.
காஞ்சிபுரம் மாவட்டம்