சாம்பிள் பெட்டியும் வைஷ்ணோ தேவி காசும்



போன மாதம் அமெரிக்காவிலிருந்து லீவுக்கு வந்த பழைய மாணவர் ஒருவர் பண்ணைப்புரம் வீட்டுக்கு வந்தார். உள்ளங்கை அளவில் ஒரு பிளாஸ்டிக் பெட்டியைக் கொடுத்தார். உள்ளே அந்த ஊர் 10 சென்ட் காசு. மேலே லேபிளில் 'சாம்பிள்' என்று ஆங்கிலத்தில் அச்சடித்திருந்தது. "நாணயக் கண்காட்சியில சும்மா கொடுத்தாங்க சார். நீங்க காசு சேர்ப்பீங்களேன்னு எடுத்துட்டு வந்தேன்" என்றார்.

பக்கத்தில் இருந்த அண்ணன் மகன் உடனே கேட்டான்: "சித்தப்பா, இது எத்தனை லட்சம் போகும்?"

அந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பதிவு.

அங்கே பி.சி.ஜி.எஸ்., என்.ஜி.சி. என்று இரண்டு பெரிய நிறுவனங்கள். ஒன்று 1986-லும் மற்றது 1987-லும் தொடங்கியவை. காசை அனுப்பினால் அசலா போலியா என்று பார்த்து, 1 முதல் 70 வரை மதிப்பெண் போட்டு, பெட்டியில் வைத்து ஒட்டித் தருவார்கள். நம்ம விடைத்தாள் திருத்துகிற வேலைதான், 100-க்குப் பதில் 70! அந்தப் பெட்டி எப்படி இருக்கும் என்று காட்ட, மலிவான காசு ஒன்றைப் போட்டு விளம்பரத்துக்குக் கொடுப்பதுதான் சாம்பிள். பெரும்பாலும் அதில் மதிப்பெண்கூட இருக்காது.

இதையும் தேடிச் சேர்க்கிறவர்கள் இருக்கிறார்கள், விலை கொடுத்து வாங்குகிறார்கள். கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் ஜூன் மாதம் கைடு கம்பெனிக்காரர்கள் எங்களுக்குக் கொடுத்த 'ஸ்பெசிமன் காப்பி'யை நினைத்துப் பாருங்கள். 'விற்பனைக்கு அன்று' என்று சீல் குத்தியிருக்கும். வாங்க வசதியில்லாத பிள்ளைக்குக் கொடுத்துவிடுவோம். ஒருவரும் பத்திரப்படுத்தவில்லை. இன்றைக்கு 1985-ம் வருடத்து காப்பி ஒன்று கிடைத்தால் நானே பணம் கொடுத்து வாங்குவேன். சாம்பிள் பெட்டியும் அப்படித்தான். எனக்கு அதில் பிடித்தது, தான் இன்னதென்று லேபிளிலேயே சொல்லிவிடுகிறது.

நம் உறவிலேயே ஒருவர், பெயர் வேண்டாம், வைஷ்ணோ தேவி படம் போட்ட 5 ரூபாய் காசுக்குப் பத்து லட்சம் தருவதாகப் போனில் வந்த பேச்சை நம்பி, 'பதிவுக் கட்டணம்' என்று எட்டாயிரம் ரூபாய் அனுப்பிவிட்டார். அது 2012-ல் புழக்கத்துக்கே வெளியான காசு. பழைய காசு வாங்கி விற்பதில் தனக்குச் சம்பந்தமே இல்லை, யாரிடமும் கமிஷன் கேட்பதும் இல்லை என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டிலேயே அறிவித்துவிட்டது. ஏமாந்தவரை யாரும் கேலி செய்ய வேண்டாம். அடுத்த போன் வந்தால் முதலில் எனக்குச் சொல்லுங்கள்.

பிள்ளைகளுக்குக் காசு சேர்க்க ஆசையா? பையில் இருக்கும் சில்லறையே போதும். வருடத்துக்குக் கீழே பாருங்கள்: வைரக் குறி இருந்தால் மும்பை, நட்சத்திரம் ஹைதராபாத், புள்ளி நொய்டா, ஒன்றும் இல்லையென்றால் கொல்கத்தா.

வெளிநாட்டில் இருக்கும் செல்வங்களே, நாணயக் கண்காட்சிக்குப் போனால் எனக்கு ஒரு சாம்பிள் பெட்டி கேட்டு வாங்கி வாருங்கள். காசு கொடுத்து வாங்க வேண்டாம்.